அழுகையின் மேல் பதிந்த குரல்

டேப் ஓடியது. நன்றாகவே ஓடியது. ஓடவில்லை என்று ஒரு தாயிடம் வாய் கூசாமல் பொய் சொன்னவள் நான்.

உங்களிடம்தான் இதை முதன்முதலாகச் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் லண்டனிலேயே நின்றுவிட்டேன். மனோர் பார்க்கில் ஓர் அறை, பல்கலைக்கழகத்தில் ஒரு மொழியைப் பற்றி ஆராய்ச்சி. கிழக்கு நேபாள மலைகளில், ஒரேயொரு பள்ளத்தாக்கில் மட்டும் பேசப்படும் சின்னஞ்சிறு மொழி அது. திபெத்திய, பர்மிய மொழிகளுக்கு உறவானது. எழுத்துக்கூடக் கிடையாது. "உனக்கேன் பிள்ளை இந்த வேண்டாத வேலை?" என்று முருகன் கோயிலில் கேட்காத ஆளில்லை!

அந்த மொழி பேச எனக்குத் தெரிந்து லண்டனில் இருந்தவர் சுக்மாயா அக்கா ஒருவர்தான். வெம்பிளியில் ஓர் உணவகச் சமையற்காரரின் மனைவி. கணவர் வேறு பள்ளத்தாக்கு. வீட்டில் நேபாளிதான் புழங்கும். தாய்மொழியில் நாலு வார்த்தை பேச ஆளில்லாமல் கிடந்தவருக்கு நான் வாய்த்தேன்.

சனிக்கிழமைகளில் போவேன். போனதும் இஞ்சித் தேத்தண்ணி. பிறகு என் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவார். அதற்குப் பிறகுதான் வேலை. நான் அவர் மொழியில் வாயைத் திறந்தால் விழுந்து விழுந்து சிரிப்பார். "பல்லுக்கொதியோடை கன்னம் வீங்கின என்ரை மாமி கதைக்கிறமாதிரிக் கிடக்கு!" அவர் தன் மொழியில் சொன்னவற்றை என் ஊர்ப் பேச்சில்தான் எனக்கு எழுத வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் நான் கேட்காமலே மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

நாலு வயதுப் பிள்ளை. கடுங்காய்ச்சல். முதுகுக் கூடைக்குள் இருத்திக்கொண்டு, ஆஸ்பத்திரி இருக்கும் ஊரை நோக்கி மலை இறங்கியிருக்கிறார். பிள்ளை கண் செருகிவிடக் கூடாதென்று வழி முழுக்கப் பேச்சுக் கொடுத்தபடி. ஓரிடத்தில் பிள்ளையின் பதில் நின்றுபோனது... இவர் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கூடையை இறக்கிப் பார்க்க வேண்டுமே!

பிள்ளைக்குச் சொன்ன அத்தனையையும் அன்று சொன்னார். கொஞ்சியது, ஏசியது, பாடியது... அழுது அழுது சொன்னார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ரெக்கோடரில் ஒலியளவு காட்டும் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகையில் ஊசி சிவப்புக்குப் பாய்கிறதே, ஒரு சொல்லும் தெளிவில்லையே, பேராசிரியர் போன தடவைபோல இதையும் திருப்பித் தரப்போகிறாரே... இதுதான் என் கவலை! என்ன பிறவி நான்?

"அழாமல் இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்று கேட்க எந்த மனுசிக்கு வாய் வரும்? எனக்கும் வரவில்லை. "ஐயோ அக்கா, மெசின் ஓடேல்லை" என்றேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத் தேற்றினார்! "பரவாயில்லைத் தங்கச்சி. உன்ரை படிப்பெல்லோ... திரும்பச் சொல்லுறன்."

ஓடவில்லை என்று சொன்ன நாடாவை வேறென்ன செய்வது? அவர் கண்முன்னாலேயே திருப்பிச் சுற்றி, அந்த அழுகையின் மேலேயே பதிந்தேன்.

இரண்டாம் தடவை அவர் அழவில்லை. சொற்களெல்லாம் மணிமணியாக வந்தன. "வழி முழுக்க அவளோடை கதைச்சுக்கொண்டு வந்தனான்" என்பதோடு அந்த இடம் முடிந்துவிட்டது. என்ன கதைத்தார் என்பது இல்லை. பேராசிரியர் மெச்சினார். பட்டமும் கிடைத்தது.

அந்தப் பதிவு நடந்து சில மாதங்களின் பின் ஒரு சனிக்கிழமை, தேத்தண்ணியை வைத்துவிட்டு அக்கா என் கையைப் பிடித்தார்.

"அண்டைக்குப் பிறகு எனக்கு அழுகை வருகுதில்லைத் தங்கச்சி. ஆரோ ஒருத்தியின்ரை கதை மாதிரிக் கிடக்கு. பிள்ளைக்குச் சொன்னதுகளும் மறந்துபோச்சு... மெசின்தான் ஓடேல்லை. நீ பக்கத்திலை இருந்து கேட்டனீதானே? நான் என்ன சொன்னனான்?"

நான் எங்கே கேட்டேன்! இந்தப் பெரிய நகரத்தில் அந்தச் சொற்கள் விளங்கக்கூடிய ஒரே ஆள் நான். ஒரு சொல்... ஒரேயொரு சொல்லாவது மனதில் நின்றதா? இல்லை.

"கீழை போனதும் தோடம்பழம் வாங்கித் தாறன் எண்டு சொன்னனீங்கள்" என்றேன்.

ஆரஞ்சைத்தான் நாங்கள் தோடம்பழம் என்போம்; எனக்குக் காய்ச்சல் வந்தால் என் அம்மா சொல்வது அது. ஏன் வாயில் வந்ததோ, கடவுளே!

அக்கா யோசித்தார். "ஓம்... சொல்லியிருப்பன். அவளுக்குத் தோடம்பழம் எண்டால் உயிர்." பிறகு என் மடியில் முகத்தைப் புதைத்து, வாய்விட்டு அழுதார். நான் அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். எனக்கு அவர்மீது அவ்வளவு அன்பு. அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்...

தொண்ணூறுகளில் அவர்கள் காத்மண்டுவுக்குத் திரும்பிவிட்டார்கள். பிள்ளை இறந்த மாதத்தில் வருசாவருசம் நான் போன் எடுப்பேன். இந்த வருசமும் எடுத்தேன்.

"அவளின்ரை படத்துக்குத் தோடம்பழம் வைச்சனான். நீ கேட்டு வைச்சிருந்தபடியாலைதான் என்ரை பிள்ளைக்குச் சொன்ன ஒரு சொல்லாவது மிஞ்சிக் கிடக்குத் தங்கச்சி. நீ நல்லாயிருக்கவேணும்!"

"ஓம் அக்கா" என்றேன்.