யானை ருசி பார்க்கும் தோப்பு

முதலமடையில் மலையோரத் தோப்பு வைத்திருக்கிற நாங்கள் மாம்பழக் காலத்தில் யானையை யானை என்று சொல்ல மாட்டோம். 'பெரியவர்' என்போம். பெயரைச் சொன்னால் கூப்பிட்ட மாதிரி, வந்து நின்றுவிடுவார் என்று ஒரு பயம். படித்தவர்கள் சிரிக்கலாம். பழம் கனிகிற வாசம் பிடித்து மலையை விட்டு இறங்கிவருகிற அந்த உருவத்தை ஒரு தடவை பக்கத்தில் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட பெயரைத்தான் எங்கள் வெப்சைட்டின் நெற்றியிலேயே கொட்டை எழுத்தில் போட்டோம். போட்ட நாளிலிருந்து பொழுது சாய்ந்தால் என் கண் மலைப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

நானும் என் வீட்டுக்காரரும் அந்தத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர்கள். மண்டிக்காரர் சொல்கிற விலைக்குத் தலையாட்டி அலுத்துப்போய், கோயமுத்தூர், கொச்சி என்று வீடுகளுக்கே பெட்டி போட்டு அனுப்பலாம் என்று வெப்சைட் தொடங்கினோம். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் ஊரில் நல்ல யோசனை யாருக்குத்தான் வரவில்லை? தடுக்கி விழுந்தால் ஒரு மாம்பழ வெப்சைட். எல்லாவற்றிலும் தண்ணீர்த் துளி நிற்கிற அதே பழத்தின் படம். 'கார்பைடு கல் வைக்காதது, இயற்கையாகப் பழுத்தது' என்று அதே வாசகம். அடுப்பைப் பார்க்க எழுந்துபோய்த் திரும்பி வந்தால், திரையில் இருப்பது நம்முடையதா பக்கத்துத் தோப்புக்காரருடையதா என்று எனக்கே குழப்பம் வரும். வாங்குகிறவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

வெப்சைட் செய்துகொடுத்த பெண் பொள்ளாச்சிக்காரி. ஒருநாள் தோப்பைப் பார்க்க வந்தாள். "அக்கா, எல்லாரும் சொல்றதையே நீங்களும் சொன்னா ஆரு திரும்பிப் பாப்பாங்க? உங்க தோப்புல மட்டும் என்ன இருக்குதுன்னு சொல்லுங்க" என்றாள். நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். எல்லோருக்கும் அதே மண், அதே வெயில், அதே செந்தூரம், அதே மல்கோவா.

என் வீட்டுக்காரர்தான் வாயைக் கொடுத்தார். "எங்க தோப்புக்குத்தானுங்க பெரியவரு வருவாரு. மருந்து அடிச்ச மரத்தை அவரு தும்பிக்கையால தொடக்கூட மாட்டாரு" என்றார். அது உண்மையா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்தப் பெண் துள்ளிவிட்டாள். 'யானை ருசி பார்க்கும் தோப்பு' என்று அங்கேயே எழுதிக் காட்டினாள்.

"அம்மிணி, அந்தப் பேரை மட்டும் எழுத வேண்டாம்" என்றேன்.

"ஏனுங்கக்கா, யானை வெப்சைட்டெல்லாம் படிக்குமா?" என்று கேட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதோடு விடவில்லை. மல்கோவா வரிசை முடிந்து சோலார் வேலி தொடங்குகிற மூலையில் ஒரு பலாமரம் உண்டு. அதில் ஒரு கேமராவைக் கட்டினாள். தோப்பில் நடப்பது அப்படியே வெப்சைட்டில் தெரியும், ஆனால் சத்தம் கேட்காது. முதலில் மயில் தெரிந்தது, கீரி தெரிந்தது, என் வீட்டுக்காரர் மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொள்வது தெரிந்தது. பிறகு ஒரு விடியற்காலை பெரியவரே வந்தார். வேலியை ஒரு கட்டையால் சாய்த்துவிட்டு, ஒரு கிளையை ஒடித்து, நிதானமாகத் தின்றுவிட்டுப் போனார். அன்று மதியத்துக்குள் ஆர்டர் குவிந்தது. யார் யாரோ அந்தக் காட்சியை யார் யாருக்கோ அனுப்பியிருக்கிறார்கள். "பாத்தியா புள்ள, பாத்தியா!" என்று என் வீட்டுக்காரர் வீடு முழுக்கக் குதித்தார். நான் பார்த்தேன். கிளை ஒடிந்த இடத்துக்கும் அவர் காவலுக்குப் படுக்கிற ஓலைச் சாளைக்கும் நடுவில் எவ்வளவு குறைவான தூரம் என்பதைத்தான் பார்த்தேன்.

அதன் பிறகு பெரியவர் வரவில்லை. எனக்கு நிம்மதி. ஆனால் வெப்சைட்டில் பார்க்க வந்தவர்களுக்குப் பொறுமை இல்லை. 'யானை எங்கே?' என்று எழுதினார்கள். 'சும்மா ஏமாத்து வேலை' என்றார் ஒருவர். இதற்குள் பக்கத்துத் தோப்புக்காரர் தன் சைட்டிலும் ஒரு யானையைப் போட்டுவிட்டார். அதுவும் நெற்றிப்பட்டம் கட்டிய கோயில் யானை! செண்டை மேளம் ஒன்றுதான் பாக்கி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. காலையில் பல் விளக்குவதற்கு முன்னாலேயே அந்தக் கமெண்டுகளைப் படிக்க உட்கார்ந்துவிடுவார். முகம் சுண்டிப்போகும்.

தோப்புக் காவலில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. விழுந்த பழம், வெடித்த பழம் எல்லாவற்றையும் பொழுது சாய்வதற்குள் பொறுக்கி, தோப்பின் ரோட்டுப் பக்கம் வெட்டியிருக்கும் குழியில் கொட்டி மண் தள்ளிவிட வேண்டும். வாசம் மலைக்குப் போகக் கூடாது. கூலிக்குப் புதிதாக வருகிறவருக்கும் இதைத்தான் முதலில் சொல்வோம்.

ஒருநாள் மாலை நான் ஊருக்குள் இருக்கும் வீட்டில் வைக்கோல் பரப்பிப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஃபோனை எதிரே சாய்த்து வைத்திருந்தேன். கூடையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் திரையில் வந்தார். குழிக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. பலாமரத்துக்கு முன்னால் நின்று கூடையைக் கவிழ்த்தார். வெடித்த மல்கோவா அத்தனையும் குவியலாகக் கொட்டியது. காலால் ஒதுக்கிச் சரிசெய்தார். நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். இடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்! பெரியவரைக் கேமராவுக்கு முன்னால் வரவழைக்கத்தான் இந்த வேலை.

அவர் நம்பரை அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. ஃபோனைச் சாளையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். திரையில் அவர் குனிந்து இன்னும் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், மூங்கில் அசைந்தது. காற்று என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தேன். மற்ற மரங்கள் அசையவில்லை. 'வந்தாச்சு! வந்தாச்சு!' என்று கீழே யாரோ எழுதினார்கள். 'சேட்டா, ஓடு!' என்று இன்னொருவர் எழுதினார். "ஏனுங்க! ஓடுங்க! அய்யோ, திரும்பிப் பாருங்க!" என்று நான் ஃபோனைப் பார்த்துக் கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

மூங்கிலை விலக்கிக்கொண்டு தலை வந்தது. அவர் திரும்பினார். கூடையைப் போட்டுவிட்டு ஓடினார், திரையை விட்டே ஓடிவிட்டார். அந்த உருவமும் வேலியை மிதித்துத் தாண்டி, பழத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் ஓடிய பக்கமே போய்விட்டது. பிறகு திரையில் யாருமே இல்லை. மாம்பழக் குவியல் மட்டும் மஞ்சளாகக் கிடந்தது.

ஸ்கூட்டியை எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை. மாரியாத்தா, மாரியாத்தா என்று வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அவரை எந்தக் கோலத்தில் பார்க்கப் போகிறேன் என்று மனசு என்னென்னவோ காட்டியது. எதிரே வந்த மாங்காய் லாரிக்கு வழிவிட ஒதுங்கி நின்றபோது, இவரில்லாமல் திரும்பி வரப்போகிற வழி இதுதானே என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக என் வாயிலேயே அடித்துக்கொண்டேன். தோப்பை நெருங்கும்போது பட்டாசுச் சத்தம் கேட்டது.

கேட்டில் ஃபாரஸ்ட் வாச்சர் பட்டாசுக் கட்டோடு நின்றிருந்தார். "பேடிக்காதீங்க, பயப்படாதீங்க அக்கா. அது மலை ஏறிருச்சு. ஆளுக்கு ஒண்ணும் இல்ல" என்று மோட்டார் ரூமைக் கைகாட்டினார்.

உள்ளே சிமெண்டுத் தரையில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். சட்டை கிழிந்து, முழங்கால் தோல் உரிந்து ரத்தம் ஒழுகியது. இரும்புக் கதவில் ஒரு பெரிய நெளிவு. அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்வதா, கன்னத்தில் அறைவதா என்று தெரியாமல் நின்றேன். அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். கண்ணெல்லாம் வெளிச்சம்.

"ஏம்புள்ள, கேமராவுல நல்லாத் தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

நின்றபடியே சொன்னேன்.

"நீங்க ஓடுனது தெரிஞ்சுதுங்க. அது உங்க பின்னாலயே போனதும் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் ஒண்ணுமே தெரியல. இங்க வந்து சேர்ற வரைக்கும் நான் உங்களைப் பொணமாத்தான் பாத்துட்டு வந்தேன்."

அவர் கதவின் நெளிவைத் திரும்பிப் பார்த்தார். அதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. பழச்சாறு ஒட்டிய கைகளால் என் காலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். பல் கிட்டிப்போகிற அளவுக்கு உடம்பு நடுங்கியது. நான் என்ன சொல்லியும் அந்த நடுக்கம் நிற்கவில்லை.