கழற்றி எடுக்கும் வசதி

டிரான்சிஸ்டர் ரேடியோவில் முக்கியமானது டிரான்சிஸ்டர் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். மிகுந்த வருத்தத்துடன் திருத்துகிறேன்: முக்கியமானது சாக்கெட். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களையும் செருகி வைக்கும், புளியங்கொட்டை அளவுத் துளைக்கட்டை அது. அறுபதுகளில் என்னைப்போல் ரேடியோ கட்டி விரலைச் சுட்டுக்கொண்டவர்கள் ஒப்புக்கொள்வீர்கள். ஈயம் வைக்கிற சூட்டில் டிரான்சிஸ்டர் செத்துவிடும். சாக்கெட்டைப் பற்றவைத்து, ஆறியபின் செருகினால் பயமில்லை.

பீங்கானா, பேக்லைட்டா

பீங்கான் சாக்கெட் இறுக்கிப் பிடிக்கும். கழற்றினால் கால் ஒடியும். பேக்லைட் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் இளகலாகப் பிடிக்கும்; பஸ் குலுங்கினால் டிரான்சிஸ்டர் எழுந்துவிடும். மதுரைக் கடையில் இரண்டையும் அரைமணி நேரம் புரட்டிக்கொண்டிருந்தேன். எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனி போர்மேன் சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கான செட் அது. என் முதல் ஆர்டர். அவர் நல்லதென்று சொன்னால் ஊரே வரும். இல்லையென்றால் விருதுநகரில் அப்பாவின் வத்தல் கடையில் உட்கார வேண்டியதுதான். கடைசியில் பேக்லைட்டை எடுத்தேன். கடைக்காரர் சொன்னார்: "தொளை மூணுதான் தம்பி. எம்புட்டு நேரம் பாத்தாலும் மூணுதான்."

வெள்ளித்தூள்

பத்தாம் நாள் அண்ணாச்சியின் மனைவி பேச்சியம்மாள் செட்டை மடியில் வைத்து பஸ்ஸில் என் கடைக்குக் கொண்டுவந்தார். பாட்டு போய் இரைச்சல் மட்டும் மிச்சம். திறந்தால் ஒரு சாக்கெட்டின் துளைகளில் வெள்ளியாக மினுக்கம். பட்டாசு மருந்தில் கலக்கிற அலுமினியத்தூள். வீட்டிலிருக்கும் ரேடியோவுக்குள் அது எப்படி வந்தது?

"வேலைக்குப் போறப்ப இவுக அந்த மூணுகால் சாமானைப் புடுங்கிச் சட்டைப்பையில போட்டுட்டுப் போயிருவாக. சாயங்காலம் வந்துதான் சொருகுவாக. பகல்ல பாட்டு கேட்டா எனக்குத் தீப்பெட்டி ஒட்டுற கை நின்னுருமாம்" என்றார் பேச்சியம்மாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ரேடியோவா செஞ்சு குடுத்தீக? அவுகளுக்குச் சாவியில்ல செஞ்சு குடுத்திருக்கீக."

ஈயம் வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். இனி சாக்கெட்டே வேண்டாம், நேரே ஈயம் வைத்து ஒட்டிவிடுகிறேன் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். நல்ல தொழில்காரன் அதைத்தான் சொல்வான்.

அவர் முகம் மாறியது. "ஒட்டிட்டா எனக்கு வேணாம் தம்பி. கம்பெனியில ஏழு பேரு செட்டு கேக்குறான், எல்லாம் இந்த வசதிக்குத்தான். புடுங்க வந்தா ஆர்டரு. வராட்டி நீங்க வத்தல் நிறுக்கப் போங்க."

வேறு வழியின்றிப் புதுச் சாக்கெட் ஒன்றைப் பற்றவைத்தேன். அண்ணாச்சி தானே இரண்டு தடவை பிடுங்கிச் செருகிப் பார்த்துத் திருப்தியாகி, எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார். பேச்சியம்மாள் அவர் முதுகையே பார்த்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, அந்த மூணுகால் சாமான் தனியாவும் குடுப்பீகளா?"

அந்தத் தீபாவளிக்குள் புதுப்பட்டிக்கு இன்னும் ஏழு ரேடியோ போயிற்று. தனி டிரான்சிஸ்டர் எட்டு.