அம்மா ஒயர் போட்ட வேன்

ஒயர் சூடாகும்போது, புகை கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே ஒரு வாசனை வரும். லேசான இனிப்பும் காரமும் கலந்து தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொள்கிற வாசனை. எங்கள் வேனில் அதை முதலில் மோந்தவள் அம்மா. மார்கழி விடியற்காலையில், நடவுக்குப் போகும் பெண்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். டீசல் வாடைக்கும் ஈரச்சாக்கு வாடைக்கும் நடுவில் அம்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, முன்னால் எட்டி அப்பாவின் தோளைத் தட்டி, மஞ்சள் விளக்கை அணைக்கச் சொன்னாள். வண்டி நின்றதும் சுவிட்சுக்குக் கீழே தொங்கிய ஒயரைத் தொட்டுவிட்டு அவள் கையை உதறிக்கொண்டதை நான் பார்த்தேன். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அரையாண்டு விடுமுறை என்பதால் அவளோடு வேனில் தொற்றிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் ஊர் ஒலக்கூர்ப் பக்கம், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. எங்களுக்கென்று நிலம் ஒரு காலத்திலும் இருந்ததில்லை. அப்பா லாரியில் கிளீனராகப் போய், ஓட்டக் கற்று, கடைசியில் திண்டிவனத்தில் ஒருவரிடமிருந்து அந்தப் பழைய டீசல் வேனை வாங்கியிருந்தார். அது என்னைவிட மூத்த வண்டி. நடவு, களையெடுப்பு, மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்குவது என்று எந்த ஊரில் வேலையோ அந்த ஊருக்கு எங்கள் தெருப் பெண்களை இருட்டோடு ஏற்றிக்கொண்டு போவார். அம்மாவும் அந்த நடவு "செட்டு"க்காரிதான். வேனின் முன்விளக்குகள் இரண்டும் மங்கி, பனிக்காலத்தில் சாலையைக் காட்டுவதற்குப் பதிலாகப் பனியைத்தான் காட்டும். பெண்கள் அவற்றை "மெழுகுவத்தி" என்றே கேலி செய்வார்கள். அந்தக் கேலி பொறுக்காமல்தான் அப்பா பழைய சாமான் கடையிலிருந்து ஒரு ஜோடி மஞ்சள் விளக்குகளை வாங்கிவந்தார். வேன் ஸ்டாண்டில் பழக்கமான ஒருவர், முன்விளக்குக்குப் போகும் ஒயரையே கீறி, அதிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்றை இழுத்து, பேச்சோடு பேச்சாக அவற்றை மாட்டிக் கொடுத்துவிட்டார். விளக்குகள் ஜம்மென்று எரிந்தன. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு "ஒயர் கம்பெனி"யில் வேலை பார்த்தவள். கார்களுக்குள் நரம்புபோல ஓடும் ஒயர்களைப் பெரிய பலகைமேல் வரிசையாகப் படுக்கவைத்து, முனைகளை நசுக்கிப் பொருத்தி, டேப் சுற்றி அனுப்புகிற கம்பெனி அது. சில வருஷங்கள் நின்றபடியே அந்த வேலையைச் செய்திருக்கிறாள். கல்யாணமானதும் விட்டுவிட்டு வந்து, நாற்றுமுடியைக் கையில் பிடித்தாள். எங்கள் தெருவில் யாருக்கும் அது பெரிதாக ஞாபகம் இல்லை. அப்பாவுக்குமே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அன்று சாயந்திரம் வீட்டில் சண்டை வந்தது. மெல்லிய ஒயரில் தாங்காத சுமையை ஏற்றியிருக்கிறது, நடுவில் பியூஸ் என்று ஒன்றுமே இல்லை, தகரத்தில் உரசி ஒரு நாள் தோல் கழன்றால் எல்லாரும் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே பற்றிக்கொள்ளும் என்று அம்மா சொன்னாள். ஊரில் பாதி வண்டி இப்படித்தான் ஓடுகிறது என்றார் அப்பா. அம்மா குரலை உயர்த்தவில்லை.

"அந்தப் பாதி வண்டியில நம்ம தெருப் பொம்பளைங்க ஏறலீங்க. இதுலதான் ஏறுறாங்க."

அப்பா எழுந்து போனார். அவர் போனதும் அம்மா வேனின் முன்பக்கத்தைத் திறந்து, மஞ்சள் விளக்குகளின் ஒயரைக் கழற்றி, முனைகளில் டேப் சுற்றிவிட்டு வந்து சோறாக்கினாள். மறுநாள் விடியலில் அப்பா சுவிட்சைத் தட்டத் தட்ட மஞ்சள் விளக்கு எரியவில்லை. கழற்றியது தான்தான் என்று அம்மா உடனே சொல்லிவிட்டாள். பெண்கள் ஏறிக்கொண்டிருந்ததால் அப்பா வண்டியைக் கிளப்பினார். அன்றைக்கென்று பனி சுவர்போல நின்றது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, சாலையோரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து, ஆள் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினார். ஒரு வளைவில் சக்கரம் மண்ணில் இறங்கியபோது உள்ளே எல்லாரும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். வயலுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்து, நிலத்துக்காரரிடம் பேச்சு வாங்கிக்கொண்டார்கள். விளக்கும் வேண்டும், அது வண்டியை எரிக்கவும் கூடாது என்பது அன்றைக்கு அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். இரவு சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஞாயித்துக்கெழம நீயே பண்ணு செல்வி. ஸ்டாண்டுல மட்டும் தெரிய வாணாம்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அப்பா வேனைத் தெருவில் நிறுத்தாமல் வீட்டுக்குப் பின்னால், வைக்கோல் போருக்கு மறைவாக நிறுத்தினார். அம்மா முதலில் செய்தது பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றியதுதான். அதைக் கழற்றாமல் எந்த ஒயரிலும் கைவைக்கக் கூடாது என்று என்னிடமும் சொன்னாள். முன்விளக்குக்குப் போகும் ஒயரில் இருந்த கீறலைச் சரிசெய்து மூடினாள். பிறகு பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் ஒன்றைக் கிளப்பி, கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே பியூஸை வைத்தாள். அங்கிருந்து அது "ரிலே" என்கிற சின்ன டப்பாவுக்குப் போனது. டிரைவர் தட்டுகிற சுவிட்சுக்குத் துளி மின்சாரம் போனால் போதும், பெரிய சுமையை இந்த டப்பா வாங்கிக்கொள்ளும் என்று அவள் விளக்கியபோது, அப்பா தலையைச் சொறிந்துகொண்டு அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒயரைத் தகரத்தின் ஓட்டை வழியாக நுழைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போட்டாள். சைலன்சர் பக்கமும் டீசல் குழாய்ப் பக்கமும் போகவிடாமல் சுற்றுவழியில் கொண்டுபோனாள். ஒயரின் மறுமுனையை வண்டியின் இரும்போடு சேர்த்து எர்த் பிடிக்கும் இடத்தில் பெயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளபளக்கும்வரை விடவில்லை. ஒயர் தொங்கவும் கூடாது, விறைக்கவும் கூடாது, "அதுக்கு வலிக்கக் கூடாது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே கட்டினாள். பியூஸ் போய்விட்டால் செம்புக்கம்பியைச் சுற்றிக்கொள்ளலாம் அல்லவா என்று அப்பா கேட்டதற்கு மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அதை மறுபடி கேட்கவில்லை. கடைசியில் விளக்குகளைக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தாள். எதிரே சைக்கிளில் வருகிறவனுக்குக் கண் கூசக் கூடாதாம். நாற்று நடுகிற அதே விரல்கள்தான். ஆனால் அன்று அவை வேறொருத்தியின் விரல்களாக எனக்குத் தெரிந்தன. எனக்குத் தெரியாத ஒருத்தி என் அம்மாவுக்குள் இத்தனை நாளும் இருந்திருக்கிறாள் என்று பிரமிப்பாக இருந்தது.

ஸ்டாண்டில் கேட்டவர்களிடம் அப்பா, விழுப்புரத்தில் ஒரு எலக்ட்ரீசியன் செய்தது என்று சொல்லிவைத்தார். அம்மா அதைக் கேட்டும் கேட்காதவள்போல இருந்தாள். எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் அது நடந்தது. அன்றும் கடும் பனி. மஞ்சள் வெளிச்சம் சாலையில் பாய் விரித்ததுபோலத் தாழ்வாகக் கிடக்க, வேன் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று விளக்கே இல்லாமல் பனிக்குள்ளிருந்து புறப்பட்டு வந்தது. அப்பா வண்டியை ஒடித்தார். பின்னால் வந்த டிரெய்லரில் துருத்திக்கொண்டிருந்த கழி ஒன்று எங்கள் மஞ்சள் விளக்கு ஒன்றை அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. டப்பென்று ஒரு சத்தம். மஞ்சள் வெளிச்சம் இரண்டு பக்கமும் போய்விட்டது. ஆனால் முன்விளக்குகள், அந்த மெழுகுவத்திகள், அப்படியே எரிந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சத்தில்தான் பக்கத்து வாய்க்கால் அப்பாவுக்குத் தெரிந்தது. அதன் விளிம்பில் வண்டி நின்றது.

எல்லாரும் இறங்கினோம். சிலருக்கு முழங்கை சிராய்ப்பு, அவ்வளவுதான். அப்பா டார்ச் அடித்துப் பார்த்தார். பிய்ந்த ஒயரின் செம்பு முனை வண்டியின் இரும்பைத் தொட்டபடி கிடந்தது. அது போய் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே டீசல் குழாய். பொறியில்லை, புகையில்லை, ஒயரில் சூடுகூட இல்லை. பியூஸ் மட்டும் கருகியிருந்தது. அவர் அதை உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பழைய ஒயராக இருந்திருந்தால் முன்விளக்கும் சேர்ந்து போயிருக்கும், வாய்க்கால் தெரிந்திருக்காது. ஒருவேளை தீயும் பிடித்திருக்கும். அது அவருக்குத் தெரிந்தது.

செட்டுக்கு மூத்தவளான ராஜகுமாரி அத்தை, நல்ல காலம், அந்த விழுப்புரத்து எலக்ட்ரீசியனுக்குப் புண்ணியமாகப் போகட்டும் என்றாள். அப்பா தலையை நிமிர்த்தாமல் பேசினார்.

"விழுப்புரமும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. எங்க வூட்ல செல்வி போட்ட ஒயரு. வெளிய சொல்றதுக்கு வெக்கப்பட்டுக்கினு நான்தான் பொய் சொன்னேன்."

அத்தை அம்மாவின் கையைப் பிடித்து, அந்த அரையிருட்டில் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். அம்மா கையை உருவிக்கொண்டு, நேரமாகிறது, நாற்று காய்ந்துவிடும் என்று சொல்லி எல்லாரையும் வண்டியில் ஏற்றினாள். போகும் வழியெல்லாம் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தது பனிக்காகத்தான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

அந்தப் பொங்கலுக்குள் ஸ்டாண்டு முழுக்கச் செய்தி பரவியது, பரப்பியவர் அப்பாதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வேன்களும் மினி லாரிகளும் எங்கள் தெருவிலேயே, நடுத்தெருவிலேயே, வந்து நின்றன. "செல்வியக்கா கையால மாட்டின லைட்டு" என்று டிரைவர்கள் சொல்லிக்கொள்வதை நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் கேட்டிருக்கிறேன். அப்பா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார்.

இப்போது நான் விழுப்புரத்தில் இருக்கிறேன். அப்பா இல்லை. நடவுக்கு இயந்திரம் வந்து, செட்டும் கலைந்துவிட்டது. அந்தப் பெண்களின் பேத்திகள் கம்பெனி பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போகிறார்கள். புது வண்டிகளில் எல்லாம் உள்ளேயே அடங்கி வருகிறது. யாராவது கேட்டு வந்தாலும் இதில் நாம் ஒயரை வெட்டக் கூடாது, கம்பெனியிலேயே காட்டுங்கள் என்று அம்மாவே திருப்பி அனுப்பிவிடுகிறாள்.

போன வருஷம் வேனையும் விற்றோம். வாங்கியவர் கோட்டக்குப்பத்தில் மரச்சாமான் கடை வைத்திருக்கும் இளைஞர். வண்டி ஓடுகிறதா என்பதைத் தவிர அவர் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாதான் அவரை உட்காரவைத்து, எந்த ஒயர் எங்கே போகிறது, பியூஸ் எங்கே இருக்கிறது, எந்த அளவில் வாங்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். அவரும் "சரிங்கக்கா, சரிங்கக்கா" என்று கேட்டுக்கொண்டு, ஒருமுறை சுவிட்சைத் தட்டிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். உச்சி வெயிலில் மஞ்சள் விளக்குகள் எரிந்தபடியே வேன் தெருவைத் தாண்டியது.

"தம்பி, லைட்ட அணைங்க, அணைக்காம நிறுத்தினா பேட்டரி போயிடும்" என்று அம்மா கொஞ்ச தூரம் பின்னாலேயே போய்க் கூப்பிட்டாள். அவருக்குக் கேட்கவில்லை. வண்டி வளைவில் திரும்பி மறைந்த பிறகும் அவள் வீட்டுக்குள் வரவில்லை.