மேஸ்திரி கூப்பிடாத பெயர்

"இருக்கேன் மேஸ்திரி!" என்கிறார் மலாக்கி ஃபீகன், தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு. அது ஓவன் மார்னியின் குரல். அடுத்த பெயருக்கு மூக்கால் பதில் சொல்கிறார். அது ஜெம்மி லோய். இருவரும் செத்து வெகுநாளாயிற்று.

நியூரி ஊர்க் கால்வாய்த் துறையில் தினமும் காலையில் நடக்கும் காரியம் இது. மலாக்கி கிடங்குச் சுவரில் முதுகைச் சாய்த்திருப்பார். மார்பில் கரித்தூள் தங்கிவிட்டது; மாடிப்படி ஏறினால் விசில் அடிக்கும். எதிரே, தண்ணீரின் விளிம்பில், கவிழ்த்த மரப்பெட்டிமேல் ஃபீலிம் கார்வில் நிற்பார். கரிக்கப்பல்களுக்கு ஆள் எடுத்த மேஸ்திரி. கடைசிக் கப்பல் போய் இருபது வருடமாகிவிட்டது என்பது அவர் நினைவில் இல்லை. எட்டுப் பேரைக் கூப்பிட்டு, எட்டுப் பேரும் பதில் சொன்னால்தான் கீழே இறங்குவார்.

பெட்டியை ஒளித்து வைத்தால், கப்பலைக் கயிற்றால் கட்டிவைக்கும் இரும்புக் குற்றிமேல் ஏறுகிறார். அது இன்னும் மோசம். அவருடைய மகள் ரோஷீன் ஒருமுறை அவர் கையைப் பிடித்து இழுத்து, இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். இன்னொரு முறை விழுந்தால் முதியோர் இல்லம்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"அங்க போனா ஒரு மாசம் தாங்க மாட்டாரு, மலாக்கி" என்றாள் ரோஷீன். மறுநாளிலிருந்து மலாக்கி வருகிறார்.

ரொட்டியை ஒரு மூலையில் பிடித்துத் தின்று, பிடித்த மூலையைக் கடற்காக்கைக்கு எறிவார். கரிக் கையோடு தின்ற நாள் பழக்கம்; இப்போது கை சுத்தமாக இருந்தாலும் அப்படித்தான். இங்கிலாந்திலிருந்து வந்த கப்பல்களைப் பற்றிக் கேட்டால், கடல் நீர் ஏறும்போது கால்வாய்க் கதவு திறந்து, வீட்டுக் கூரைகளுக்கு மேலே புகைபோக்கி மட்டும் நகர்ந்து வருவதைச் சொல்வார். "ஈரக் கரின்னா முதுகு போச்சு, காஞ்ச கரின்னா கண்ணு போச்சு. எதுன்னாலும், துணி கருத்துப்போச்சுன்னு காயப்போட்டவ வாயில எங்க பேருதான்."

அந்த நாளில் பெயர் சொல்லப்பட்டவன் சுவரை விட்டு வந்து கப்பல் பக்கம் நிற்பான். மற்றவன் சுவரோடு நின்றுவிட்டு வீட்டுக்குப் போவான். அதுதான் வழக்கம். மேஸ்திரிக்குச் சாராயம் வாங்கித் தருகிறவனுக்கே வேலை என்று மலாக்கி ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அதற்குப் பிறகு கார்வில் அவர் பெயரை வாயில் எடுத்ததே இல்லை. மலாக்கியின் மனைவி ஊரார் துணி வெளுத்துப் பிள்ளைகளை வளர்த்தாள்.

"அவருக்காக ஏன் இந்தக் குளிர்ல நிக்கிறீங்க?" என்று ரோஷீன் கேட்டாள்.

"அந்த ஆளுக்கா நிக்கிறேன்? வீட்டுல இருந்தா இருமல் வருது. இங்கன்னா எட்டு ஆளு வேலையும் என் தலையில. ஜெம்மி உயிரோட இருந்தப்போகூட இவ்வளவு ஒழுங்கா வந்ததில்ல."

போன வாரம் கல்தளமெல்லாம் உறைபனி. ஏழு பெயர்கள் முடிந்தன. எட்டாவது எப்போதும் டான் ஹானா. மலாக்கி அந்தக் கட்டைக் குரலுக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டார். கார்வில் சுவரையே பார்த்தார்.

"ஃபீகன்" என்றார். "மலாக்கி ஃபீகன்."



"வரலையா? எங்கடா போனான் அந்த வாயாடி?" கிழவர் பெட்டிமேலேயே தண்ணீர்ப் பக்கம் திரும்பித் தேடினார். ஒரு காலின் முன்பாதம் பெட்டிக்கு வெளியே வந்துவிட்டது.

"மலாக்கி, சொல்லுங்களேன்!" என்றாள் ரோஷீன், அடங்கிய குரலில்.

மலாக்கி வாயைத் திறந்தார். மார்பு விசில் அடித்தது. அவருடைய சொந்தக் குரல் வரவில்லை. சுவரிலிருந்து முதுகை எடுத்தார். பனியில் கால் வழுக்காமல் தளத்தைக் கடந்து, பெட்டிக்கும் தண்ணீருக்கும் நடுவே, அந்த நாளில் கப்பல் நின்ற பக்கத்தில் போய் நின்றார்.