குத்தாலத்தில் அவரைப் பார்க்காமல் இருந்த நாள்

எழும்பூரில் ரயில் புறப்பட்டபோது எனக்கு எதிரே என் மேலதிகாரி அமர்ந்திருந்தார். குத்தகைத் தகராறுகளை ஊர் ஊராகப் போய் விசாரிப்பது அவர் வேலை. அங்கே பேசப்படுவதைச் சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டச்சு செய்வது என் வேலை. எழுபதுகளின் தொடக்கம் அது. தஞ்சை மாவட்டத்தில் உழுகிறவனுக்கும் நிலத்துக்காரருக்கும் வழக்கில்லாத ஊர் குறைவு.

செங்கல்பட்டு தாண்டியதும் மறுநாள் எந்த ஊர், எந்த நிலம் என்று சொன்னார். குத்தாலத்தை அடுத்த அந்தச் சிற்றூரின் பெயரைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சார், அது எங்க மாமனார் ஊரு. அவர் குத்தகைக்குச் செஞ்ச நிலத்தை இப்ப என் வீட்டுக்காரர்தான் பார்க்கிறார்."

மாமனார் ஆடியில் இறந்தார். காரியத்துக்குப் போன என் கணவர் திரும்பவில்லை. நிலத்தில் ஆளில்லை என்று தெரிந்தால் மிராசுதார் எடுத்துக்கொள்வார். அதனால் சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த அச்சக வேலையை விட்டுவிட்டு ஏர் பிடித்தார். "அறுப்பு முடியட்டும்" என்று கடிதம் போட்டார். தை பிறந்துவிட்டது. சைதாப்பேட்டை வீட்டில் நான் இன்னமும் இரண்டு பேருக்கு அரிசி அளந்துவிட்டு, நினைவு வந்து ஓர் ஆழாக்கைத் திரும்பக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி கையிலிருந்த கோப்பை மூடினார். "அங்க இருக்கிற ஸ்டெனோ காய்ச்சல்ல கிடக்கான். ரெண்டு தரப்புக்கும் முதல்லயே விஷயத்தைச் சொல்லிடறேன். ஆட்சேபணை இல்லேன்னா நீயே எழுது. ஆனா வீட்டுக்காரர் பக்கம் பார்க்கக் கூடாதும்மா. கண்ணைச் சிமிட்டினாக்கூட ஜாடை காட்டினேன்னு சொல்லிடுவாங்க."

வியாழக்கிழமை விடிகாலையில் மாயவரம். இருநூற்றெண்பது கிலோமீட்டர் உட்கார்ந்தே வந்த இடுப்பு, ஸ்டேஷன் வாசலில் இருபத்தைந்து பைசா காபிக்குப் பிறகுதான் நிமிர்ந்தது. குத்தாலம் அங்கிருந்து பத்து கிலோமீட்டர். பஸ்ஸில் அரிவாளைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்த ஒரு பெண் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். என் கால் மெட்டியைப் பார்த்தாள், பக்கத்தில் ஆண் துணை உண்டா என்று பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"வூட்டுக்காரரு இங்கதான் இருக்காராம்மா?"

நான் ஒன்றும் சொல்லாமலே அவள் தெரிந்துகொண்டிருந்தாள். தலையசைத்தேன்.

இருபுறமும் சம்பா முற்றித் தலைசாய்த்திருந்தது. ஊருக்கு ஊர் முச்சந்தியில் கறுப்பு சிவப்புக் கொடியும் செங்கொடியும் அடுத்தடுத்த மூங்கில்களில் பறந்தன. வழியில் குடையோடு ஒருவர் ஏறினார். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம். அவரைக் கண்டதும் பக்கத்திலிருந்தவள் உடம்பு இருக்கையை விட்டு எழும்பியது. பாதி எழுந்தவள் சட்டென்று கம்பியைப் பிடித்து மறுபடி உட்கார்ந்தாள். எழப் பழகிய உடம்பைத் தானே பிடித்து உட்கார வைத்தது போலிருந்தது. குடைக்காரர் அவள் பக்கம் திரும்பாமல் குத்தாலம் வரை நின்றுகொண்டே வந்தார்.

பத்து மணிக்கு, பஞ்சாயத்து அலுவலகக் கூடத்தில் விசாரணை. மிராசுதார் வரவில்லை; அவருக்குப் பதில் காரியஸ்தர் வந்திருந்தார். அந்தக் குடைக்காரர்தான். நான் யாருடைய மனைவி என்பதை அதிகாரி இரு தரப்புக்கும் சொன்னார்.

"தாராளமா எழுதட்டுங்க" என்றார் காரியஸ்தர். குரலில் சிரிப்பு இருந்தது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் கணவர் உள்ளே வந்தபோது எனக்குத் தெரிந்தவை இரண்டு பாதங்கள் மட்டுமே. சென்னையில் அச்சகத்துக்குச் செருப்புப் போட்டு நடந்த கால்கள். இப்போது குதிகால் வெடித்து, விரலிடுக்கில் சேறு காய்ந்திருந்தது. அவற்றிலிருந்து கண்ணை எடுத்தேன். பென்சிலைக் கூர் பார்ப்பது போல் பார்த்தேன்.

"துண்டை எதுக்குப்பா அக்குள்ல இடுக்குறே? தோள்லயே போட்டுக்க. உட்காரு, மாணிக்கம்" என்றார் அதிகாரி.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கேள்விகள் தொடங்கின. உழவு, நாற்று, நடவு, குத்தகை நெல் அளந்தது எல்லாவற்றுக்கும் அவர் நிதானமாகப் பதில் சொன்னார். ஆறு மாதமாக நான் கேட்காத குரல். கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. எழுதிக்கொண்டே இருந்தேன்.

பிறகு காரியஸ்தர் கேட்டார். "சம்சாரம் மெட்ராஸ்ல உத்தியோகம் பண்றாங்க, அதோ உட்கார்ந்திருக்காங்க. குடும்பம் அங்க இருக்கறப்ப இவரு எத்தினி நாளைக்கு இங்க உழுவாரு? அறுத்தவுடனே ரயிலேறிடுவாருங்க. போவியா மாட்டியா, இப்பவே சொல்லச் சொல்லுங்க."

என் பென்சில் நின்றது. மௌனத்துக்குச் சுருக்கெழுத்தில் குறி கிடையாது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்ப்பதைப் பிடரியில் உணர்ந்தேன்.

"தலையை ஆட்டினா எழுத முடியாதுப்பா" என்றார் அதிகாரி. "நம்ம தலையாட்டல்ல ஆமாவும் உண்டு, இல்லையும் உண்டு. வாயால சொல்லு."

அவருடைய வலது கால் பெருவிரல் சிமெண்டுத் தரையை அழுத்தி அழுத்தித் தேய்த்தது. பெண் பார்க்க வந்த அன்று, என்னிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் இப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பிப் போவ மாட்டேங்க."

எழுதினேன். சின்னச் சின்னதாய்ச் சில கோடுகள், அவ்வளவுதான். என் கையில் கோடு ஒன்றும் பிசகவில்லை. அந்தக் கையை நினைத்தால் எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெறுப்பாகவும் இருந்தது.

பிற்பகலிலேயே அதிகாரி உத்தரவைப் படித்தார்: சாகுபடி செய்பவர் மாணிக்கமே, நிலத்திலிருந்து அவரை வெளியேற்றக் கூடாது. வெளியே நின்ற ஜனங்கள் கைதட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார், அடுத்தவரும் போட்டார். அந்தக் கூட்டத்துக்குள் என் கணவரும் இருந்தார். நான் அதிகாரியோடு போய்ப் பஸ்ஸில் ஏறினேன்.

மாயவரம் ஜங்ஷனில் இறங்கியதும் அதிகாரி வேறு பக்கம் பார்த்தபடி சொன்னார்: "ரயிலுக்கு ரெண்டு மணி நேரம் இருக்கு. எனக்கு ஒருத்தரைப் பார்க்கணும். உத்தரவு போட்டாச்சு. இனிமே நீ யாரைப் பார்த்தா எனக்கென்னம்மா?"

அரை மணியில் என் கணவர் வந்துவிட்டார். அத்தனை தூரமும் சைக்கிள் மிதித்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பிளாட்பாரத்துக்கு வந்தார்.

"இளைச்சிட்டே."

"நீங்க கறுத்துட்டீங்க."

"நான் சொன்னதை எழுதினியா?"

"எழுதினேன்."

"எனக்கு வேற வழி..."

"தெரியும். பொய்யில்லைன்னும் தெரியும்."

அவர் மறுக்கவில்லை. அறுப்புக்குப் பிறகு வந்துவிடுவார் என்று நான் வைத்திருந்த நம்பிக்கை அந்த பெஞ்சில் உட்கார்ந்தபடியே முடிந்தது.

"தஞ்சாவூருக்கு மாத்தல் கேக்கட்டுமா?" என்றேன்.

தலையை ஆட்டினார்.

"வாயால சொல்லுங்க."

சிரித்துவிட்டார். "கேளு. கிடைக்கிற வரைக்கும் எப்படி இருக்கப்போறோமோ."

கிடைக்க அடுத்த தை ஆயிற்று. அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. மிச்ச நேரத்தில் வேறென்ன பேசினோம் என்று நினைவில்லை. ரயில் வந்ததும் ஜன்னல் கம்பியில் இருந்த என் விரல்களின்மேல் தன் கையை வைத்தார். பக்கத்தில் ஆட்கள் வரவும் எடுத்துவிட்டார்.

சென்னையில் மின்சார ரயிலில் தோளோடு தோள் இடிக்க நிற்பவர்களின் முகத்தில் எனக்கு எதுவும் படிக்கக் கிடைத்ததில்லை. இங்கே ஒரே பகலில் ஒரு வாழ்நாளுக்குப் படித்துவிட்டேன். வண்டி நகர்ந்தது. அந்தி வெளிச்சத்தில், சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவர் பெஞ்சில் உட்காருவது தெரிந்தது. முழங்கையைத் தொடையில் ஊன்றிக் கன்னத்தில் கை வைத்தார். எங்கள் பக்கம் இழவு விழுந்த வீட்டில்தான் அப்படி உட்காருவார்கள். குழந்தை வைத்தால்கூடத் தட்டிவிடுவோம்.

அன்று முழுவதும் அடக்கி வைத்திருந்த குரல் என்னையறியாமல் வெளியே வந்தது. "ஏங்க! கன்னத்துலேருந்து கையை எடுங்க!"

பெட்டியே திரும்பிப் பார்த்தது. அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், வண்டி வளைவில் திரும்பும்வரை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.