சுருங்கும் கோடு

முப்பது. வெங்கடகிருஷ்ணன் தன் வருங்கால மாப்பிள்ளைக்கு விதித்த வயது வரம்பு அது. 1971 ஜூனில் விதித்தார். அதன்பின் ஊரில் எத்தனையோ மாறின. அந்த எண் மாறவில்லை.

சாலைக் கடைத்தெருவில், ஒரு கயிற்றுக் கடையின் மாடியில் நடந்த டுட்டோரியலில் அவர் கணக்கு வாத்தியார். எஸ்.எஸ்.எல்.சி.யில் தோற்றவர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் ஒரே வித்தை: வாயால் சொல்வதை இயற்கணிதமாக எழுதுவது. 'குறையாமல்' என்றால் ≥. 'மிகாமல்' என்றால் ≤. எழுதி முடித்ததும் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார். தீர்வு காண்பது கூலி வேலை, அது மாணவர்களுக்கு. சொல்லைக் குறியாக்கிவிட்டாலே உலகம் தன் சட்டைப்பைக்குள் வந்துவிட்டதாக நினைக்கும் ஆசாமி அவர். அவர் குடியிருந்த கோட்டைத் தெருக்களில் இந்த வகை கொஞ்சம் அதிகம்.

மகள் சூடாமணி அரசு ஆபீஸில் டைப்பிஸ்ட். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு. மாப்பிள்ளை அவளைவிட ஐந்து வயதாவது மூத்தவனாக இருக்க வேண்டும்; முப்பதையும் தாண்டக் கூடாது. தரகர் ராமசுப்ரமணியனிடம் இதைச் சொன்ன கையோடு வகுப்பிலும் உதாரணமாகப் போட்டார். மாணவர்கள் எண்கோட்டில் இருபத்தேழிலிருந்து முப்பதுவரை தடித்த கோடு இழுத்தார்கள். ஒவ்வொரு ஜூனிலும் அதே கணக்கு, பெண்ணின் புது வயதோடு. கோடு வருஷாவருஷம் இடப்பக்கத்திலிருந்து சுருங்கியது. வரையச் சொன்னவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1973இல் தரகர் நாகர்கோவிலிலிருந்து நீலகண்டன் என்ற பேங்க் குமாஸ்தாவைக் கொண்டுவந்தார். சூடாமணிக்குப் பிடித்திருந்தது, வாய்விட்டே சொன்னாள். பையனுக்கு முப்பத்தொன்று.

"ஒரு வயசுதானே ஓய்! தங்கமான பையனாக்கும்."

"ஒண்ணானாலும் கூடுதல் கூடுதல்தான். அந்தக் குறிக்கு வாய் எந்தப் பக்கம் திறந்திருக்குன்னு உமக்குத் தெரியுமோ?"

"எனக்குச் சாப்பாட்டுப் பக்கம்தான் வாய் திறக்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தரகர் குடையை எடுத்துக்கொண்டார். பேங்க் குமாஸ்தா போனார். சூடாமணி காபி டம்ளர்களை உள்ளே கொண்டுபோனாள்.

மறு வருஷம் போர்டில் கோடே இல்லை; முப்பதில் ஒரு புள்ளி மட்டும். 1975இல் சூடாமணிக்கு இருபத்தாறு. x முப்பத்தொன்றுக்குக் குறையக் கூடாது, முப்பதைத் தாண்டவும் கூடாது. பின்பெஞ்சு மைதீன் எழுந்தான்.

"சாரே, ரெண்டும் தொடவே இல்ல! இந்தப் பொண்ணுக்கு ஜென்மத்துல கல்யாணம் நடக்காதல்லோ!"

வகுப்பே சிரித்தது. வெங்கடகிருஷ்ணனும் சிரித்தார். "சரியான உத்தரமாக்கும். தீர்வு இல்லை, வெற்றுக் கணம். முழு மார்க். அடுத்த கணக்கு."

மாடிப்படி இறங்கி வீட்டுக்குப் போனார். தரகர் வந்திருந்தார். "ரெண்டு மாசமா ஒரு ஜாதகம் கொண்டுவரலை. என்ன ஓய் தரகு பண்றீர்?" என்று பாய்ந்தார். முழு மார்க் போட்டு முழுசாக அரைமணிகூட ஆகவில்லை.

"உம்ம கண்டிஷனுக்குப் பிரம்மாகிட்டேதான் ஆர்டர் குடுக்கணும்" என்றார் தரகர்.

சூடாமணி நிலைப்படியில் வந்து நின்றாள். "மாமா, நாகர்கோவில்காரருக்குக் கல்யாணம் ஆயிடுத்தா?"

"இல்லைம்மா. இப்போ முப்பத்திமூணு."

"அப்பாவோட ரெண்டு கண்டிஷனும் வேண்டாம். ஒண்ணு போதும். அவர் என்னைவிட ஏழு வயசு மூத்தவர். அது பாஸ்."

"'இதுவும் அதுவும்'னு சொன்னதை 'இது அல்லது அது'ன்னு மாத்தினா கணக்கே வேறயாப் போயிடுமேடி!"

"போகட்டும்ப்பா. அதுக்குத்தான் மாத்தறேன். நீங்க வரலைன்னா மாமா கூட்டிண்டு போவார். ரெஜிஸ்டர் ஆபீஸ் பக்கத்துலதான் இருக்கு."

தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதை மட்டும் அவர் தானாகவே தீர்த்துப் பார்த்தார் போலிருக்கிறது. ஆவணியில் கல்யாணம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தாரைவார்த்தார். முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, பெண்ணின் தகப்பன் என்ற கூச்சமில்லாமல் பால் பாயசம் இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டார். சூடாமணி நாகர்கோவிலுக்குக் குடிபோனாள்.

அடுத்த ஜூனில் வெங்கடகிருஷ்ணன் அதே கணக்கைப் போர்டில் எழுதினார். பெண்ணின் வயதை மட்டும் இருபத்தேழு என்று மாற்றியிருந்தார்.