மழை நாளில் கதவு தட்டுகிறவள்

விடிந்ததும் மழைச் சத்தம் கேட்டால் நான் மழைச்சட்டையைத் தேடுகிறேன். பாக்கார் ஆராங்கில் எங்கள் வரிசை வீடுகளில் மற்றவர்கள் காயப்போட்ட துணியை எடுக்க ஓடுவார்கள். நான் என் வீட்டுக்காரர் விட்டுப்போன மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வருவேன். எதிர் வீட்டு மலாய்க்கார அம்மா ஜன்னலைத் திறந்து, "ஹுஜான்லா, கக்!" என்று கத்துவார். மழை பெய்கிறது அக்கா என்று எனக்குச் சொல்கிறாராம். "சபாப் ஹுஜான்லா!" என்று நானும் கத்துவேன். மழை என்பதால்தான் போகிறேன் என்று அர்த்தம். அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஜன்னலைச் சாத்திவிடுவார். இத்தனை வருஷத்தில் அவருக்கு அது புரியவே இல்லை.

ஊரில் இருக்கிற உங்களுக்கும் புரியாது. நான் பிறந்தது சாத்தான்குளம் பக்கம், தேரிக்காட்டின் ஓரம். அங்கே மழை வந்தால் ஜெபக்கூட்டம் நின்றுபோகும், உபதேசியார் குடையோடு வாசலில் நின்று வானத்துக்கு நன்றி சொல்வார். இங்கே மலாய் நாட்டில், கெடாவின் ரப்பர்த் தோட்டத்தில், மழையின் முகமே வேறு. பட்டை நனைந்துவிட்டால் மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்க, முடியாது. மீறி வெட்டினாலும் பால் கோப்பையில் விழாமல் தண்ணீரோடு ஓடிவிடும். ஆகவே மழை பெய்த காலையில்தான் ஜனங்கள் வீட்டில் இருப்பார்கள், கதவு திறந்திருக்கும், உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். என் வீட்டுக்காரர் செல்வராஜ் இப்படி ஒரு தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். நம் ஊருக்கு வேதம் படிக்க வந்த இடத்தில் எங்கள் சபைப் போதகர் ஐயர் மூலமாக என்னைக் கட்டினார். அவருடைய ஊழியமே மழையைப் பார்த்து நடந்த ஊழியம்தான். தோட்டத்து ஜனங்கள் கூலியை இழக்கிற நாள் எங்களுக்கு ஊழிய நாள். அது எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் குத்துகிற விஷயம்.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன் நான் வந்த புதிதில் ஒரு மழைக் காலை, சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்துக்கு அவர் என்னைக் கூட்டிப்போனார். முதல் வீடு தங்கமணி அக்காவுடையது. அவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், ஆனால் யார் வந்து எந்தச் சாமியிடம் வேண்டிக்கொண்டாலும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். "புதுப் பொண்ணு ஜெபம் பண்ணட்டும்லா, கேப்போம்" என்று கோப்பி கலக்கியபடியே தங்கமணி அக்கா சொன்னார். எனக்குப் பத்தாம் வகுப்புப் படிப்புதான், ஆனால் ஜெபம் என்றால் தடங்கல் இல்லாமல் வரும். கண்ணை மூடி, எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குக் கேட்கிற பெரிய ஆசீர்வாதத்தைக் கேட்டேன். "ஆண்டவரே, இந்த மழைக்காக ஸ்தோத்திரம். இன்னும் பத்து நாள் விடாம பெய்யப்பண்ணும். இந்த வீடு செழிக்கட்டும்" என்றேன். ஆமென் சொல்ல ஆளில்லை. கண்ணைத் திறந்தால் தங்கமணி அக்கா கையில் கரண்டியோடு நிற்கிறார்.

"ஏம்மா, கப்பல் ஏறி வந்து எங்க வயித்துல அடிக்கிறியா? ஒம்போது நாளா மரம் வெட்டல. இன்னும் பத்து நாளா கேக்குற? எம் பிள்ளைங்களுக்கு மழைத் தண்ணியவா ஊத்துறது?"

என் வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டு என்னை வெளியே கூட்டிவந்தார். வழியெல்லாம் நான் அழுதேன். அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "மழை பேஞ்சாதான் நான் இங்க வர்றேன். ஆனா மழை வேணும்னு ஒரு நாளும் நான் கேட்டதில்ல." மறுநாளும் மழை. நான் தனியாகப் போய் அதே கதவைத் தட்டினேன். தங்கமணி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வந்துட்டியா மழைக்காரி? உள்ள வா, நனையாத" என்றார். அன்றைக்கு வைத்த பேர்தான். லயத்துப் பிள்ளைகள்கூட என்னை மழைக்காரி ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரர் ஆண்டவரிடத்தில் போய்விட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அப்போதிருந்து எல்லாரும் எனக்குத் தேவ சித்தம் சொல்ல ஆரம்பித்தார்கள். டவுன் சபையில், "சிஸ்டர், நீங்க ஓய்வெடுக்கணும்னு கர்த்தர் காட்டுறார்" என்றார்கள். எனக்குக் காட்டாததை அவர்களுக்கு மட்டும் எப்படிக் காட்டினாரோ! ஊரிலிருந்து யாக்கோபு அண்ணன் வாரந்தோறும் போனில் பேசினார். போன மாதம் நேரிலேயே வந்து இறங்கிவிட்டார், எனக்கும் சேர்த்துத் திரும்பிப் போக டிக்கெட் எடுத்துக்கொண்டு. அண்ணன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் அப்பா இறந்தபின் என்னைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவர். அவர் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று நான் சொன்னதே இல்லை.

"எத்தன பேரு ட்டி ஞானஸ்நானம் எடுத்தாவ? முப்பத்தோரு வருசத்துல?" என்று கேட்டார்.

"அந்தத் தோட்டத்துல ரெண்டு குடும்பம். ரெண்டும் பினாங்குக்குப் போயிட்டு."

"பொறவு இங்க என்னத்துக்கு இருக்க? மாப்பிள்ளையும் இல்ல, பிள்ளையும் இல்ல. ஒங் கையில இருக்கதும் செவப்பு அட்டதான், நீ இந்த நாட்டுக்காரிகூட இல்ல. கர்த்தர் கதவ அடச்சாச்சி பிள்ள. அது ஒனக்கு வெளங்கல."

சிவப்பு அட்டை என்றது என் அடையாள அட்டையை. குடிமக்களுக்கு நீலம், என்னைப் போல நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர்களுக்குச் சிவப்பு. அண்ணன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. மூன்று நாள் நான் அண்ணனுக்குச் சமைத்துப் போட்டேன். பெட்டியைக்கூட இறக்கித் துடைத்தேன். வழிநடத்தும் ஆண்டவரே, அண்ணன் வாயாலேயா பேசுகிறீர் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

நாலாம் நாள் காலை மழை வந்தது. நான் மழைச்சட்டையை எடுத்தேன். "எங்க கெளம்பிட்ட?" என்றார் அண்ணன். "தோட்டத்துக்கு. வாங்க, நீங்களும் பாத்துட்டு வரலாம்லா" என்றேன். "பேச்சப் பாரு, லாவும் பூவும்" என்று, இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டுகிற 'லா'வைக் கேலிசெய்து முனகிக்கொண்டே, என் வீட்டுக்காரருடைய பழைய மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு அண்ணன் பின்னால் ஏறினார். அறுபத்தாறு வயது ஆண்பிள்ளை தங்கச்சியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, வழி நெடுக என் தோளைப் பிடித்தபடி, "மெதுவா போ, லாரி வருது, ஏசப்பா!" என்று கத்திக்கொண்டே வந்தார். இத்தனை மும்முரமாக அவர் ஜெபித்து நான் கேட்டதில்லை.

தோட்டத்தில் பாதி இப்போது செம்பனை, எண்ணெய்க்கு வளர்க்கிற பனை. லயத்தில் நம்மவர்கள் ஆறு வீடுதான் மிச்சம். தங்கமணி அக்காவுக்கு அறுபத்தைந்து வயது, இன்னும் ஒரு சீனருடைய சின்னத் தோட்டத்தில் பங்குக்கு மரம் வெட்டுகிறார். ஒரு வாரமாக மழை. வாசலில் கத்தி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"இவருதான் ஒன் அண்ணனா? மழைக்காரிய அள்ளிட்டுப் போக வந்தவரு?" என்றார் தங்கமணி அக்கா. "அண்ணே, கூட்டிட்டுப் போங்க, நல்லதுதான். ஆனா மழ நாள்ல யாரு எங்க வீட்டுக்கு வருவா, அதையும் சொல்லிட்டுப் போங்க."

அண்ணன் சிரித்து மழுப்பினார். கோப்பி குடித்தோம். எழும்பும்போது அண்ணன், பெரியவர் என்ற முறையில், ஜெபித்துவிட்டுப் போவோம் என்றார். எல்லாரும் எழுந்து நின்றோம். அண்ணனுக்குக் கனமான குரல். "பரலோகத் தகப்பனே, இந்த ஆசீர்வாதமான மழைக்காக ஸ்தோத்திரம். இதை நிறுத்தாமல் இந்த வீட்டின் மேலும் இந்தத் தோட்டத்தின் மேலும்…"

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். தங்கமணி அக்காவும் திறந்திருந்தார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் ஜெபிக்கும்போது குறுக்கே பேசுவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். அதுவும் ஒரு பெண், அதுவும் அண்ணனை.

"அண்ணே, நிறுத்துங்க" என்றேன்.

அண்ணன் கைகளை உயர்த்தினபடியே நின்றார்.

"அது நம்ம ஊரு ஜெபம். இங்க இவங்க அடுப்ப அணைக்கிற ஜெபம். ஆண்டவரே, இந்த மழையப் போதும்னு சொல்லும். நாளைக்கு இவங்க மரத்துப் பட்டை காஞ்சிருக்கட்டும். ஆமென்."

தங்கமணி அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "முப்பது வருசம் ஆச்சிலா இத கத்துக்க!" என்று என் முதுகில் ஒரு அடி வைத்தார். மாரியம்மன் படத்துக்குக் கீழே நின்று அவரும் ஆமென் சொன்னார். அவர் ஒரு நாள் என் ஆண்டவரை அறிவார் என்று நான் நம்புகிறேன், அதை மறைக்கமாட்டேன். அறியாமலே போனாலும் மழை பெய்தால் அவர் கதவை நான் தட்டுவேன். எத்தனை பேர் என்று கேட்கிற எல்லாருக்கும் என் பதில் இதுதான்.

திரும்பி வரும் வழியில் அண்ணன் கத்தவில்லை. வீட்டு வாசலில் இறங்கி, மழைச்சட்டையைக் கழற்றியபடியே, "நீ வரமாட்ட, இல்லையா" என்றார்.

"மாட்டேன் அண்ணே." வாழ்நாளில் முதல் தடவை சொன்னேன். ஆண்டவர் மூன்று நாளாகப் பேசாதது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. இங்கே இருக்கச் சொன்னவர் முப்பத்தோரு வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். போ என்றால்தானே புதிதாகச் சொல்ல வேண்டும்!

அண்ணன் தனியாக விமானம் ஏறினார். கோபமில்லை என்று சொன்னார். கொஞ்சம் இருக்கும்.

இதை எழுதுகிற இன்று காலையும் இங்கே மழை. கைப்பேசியில் இரண்டு குரல் செய்திகள் வந்திருக்கின்றன. ஒன்று அண்ணனுடையது: "இங்க ஒரு பொட்டு மழ இல்ல பிள்ள. கெணத்துல தண்ணி அடியில கெடக்கு. ஜெபம் பண்ணு." மற்றது தங்கமணி அக்காவுடையது: "மழைக்காரி, ரொம்ப சூசாலா, ஒரே கஷ்டம், ஒஞ் சாமிகிட்ட சொல்லி நிறுத்து." ஒரு கையை மழைச்சட்டைக்குள் விட்டபடி, மறு கையில் கைப்பேசியோடு வாசலில் நின்று, ஆண்டவரே, இங்கே இருப்பதை அங்கே அனுப்பும் என்று கேட்டேன். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. "ஹுஜான்லா, கக்!"

வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.